வராதவர்களை எண்ணியவர்

அக்காவுடன் ஓர் இடத்துக்குப் போவதைப் போல எரிச்சலான காரியம் வேறில்லை. கல்யாண மண்டபமோ, ஆபீஸ் மீட்டிங்கோ, புனே சாங்வியில் எங்கள் மொட்டை மாடியில் நடந்த என் பையனின் பிறந்தநாளோ, உள்ளே வந்ததும் இருக்கிறவர்களைப் பார்க்க மாட்டார். வாசலிலேயே நின்று கண்ணை ஒரு சுற்று விட்டு, "அந்த நாலாவது மாடிக்காரர் எங்க, காணோம்?" என்பார். வந்தவர்களுக்கு ஒரு சிரிப்புகூடக் கிடையாது. வராதவர் யார், ஏன் வரவில்லை, யாராவது போன் பண்ணிக் கேட்டார்களா என்று தெரிந்த பிறகுதான் அவருக்குக் காபி தொண்டையில் இறங்கும். கேக் உருகிக்கொண்டிருக்கும், மெழுகுவர்த்தி அணைந்துபோகும், அவர் பாட்டுக்கு விசாரித்துக்கொண்டிருப்பார்.

இப்படி ஒருவரைப் பற்றி எழுதினால் பாசமாக ஏதாவது வரும் என்று எதிர்பார்ப்பார்கள். எனக்கு அவரை நினைத்தால் முதலில் கோபம்தான் வருகிறது. கொஞ்சம் அவர்மேல், மிச்சமெல்லாம் மற்றவர்கள்மேல். அந்த மிச்சம் இத்தனை வருஷமாகியும் குறையவில்லை.

நாங்கள் வேலை பார்த்தது புனேயில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில். ரத்தப் புற்றுநோய்க்கு எந்த மருந்தோடு எதைச் சேர்த்துக் கொடுத்தால் பலிக்கும் என்று தேடுவது எங்கள் வேலை. அக்கா என்று கூப்பிடுவேனே தவிர கூடப்பிறந்தவர் இல்லை, அங்கே விஞ்ஞானி. அந்தத் தேடலைத் திட்டம் போட்டு நடத்தியவர் அவர்தான். நான் கோயம்புத்தூரிலிருந்து ஐ.டி. வேலைக்கு வந்து, அது சலித்துப்போய், அங்கே எண்ணிக்கை பார்க்கும் புரோகிராம் எழுதப் போனவள். உயிரியல் பத்தாம் வகுப்போடு சரி.

முதல் வாரம் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. அக்காவிடம் கேட்டேன். பலகையில் எதையும் வரையவில்லை அவர்.

"லோனாவ்ளா லோக்கல் ட்ரெயின் ஒரு நாள் ஓடலைன்னு வை. தேஹு ரோட்ல இருந்து ஆபீசுக்கு யாரு வருவாங்க?"

பைக் வைத்திருப்பவர்கள் வருவார்கள் என்றேன்.

"சரி. அன்னிக்குப் பார்த்து ஒவ்வொருத்தன் ஊட்லயும் ஏதோ ஒண்ணு ஒடஞ்சி கெடக்குது. ஒருத்தனுக்கு மிக்ஸி, ஒருத்தனுக்கு டிவி, ஒருத்தனுக்கு பைக். யாரு வர மாட்டான்?"

பைக் உடைந்தவன் என்றேன்.

"அவ்ளோதான். வந்தவங்கள எண்ணி இன்னாத்துக்கு? வராதவன் யாருன்னு பாரு. ரெண்டாவதா எத மூடணும்னு அவன்தான் சொல்லுவான்."

லோக்கலை நிறுத்துவதுதான் முதல் மருந்து. புற்றுநோய் உயிரணு அதோடு சாவதில்லை, வேறு வழி பார்த்துப் பிழைத்துக்கொள்கிறது. அந்த வழி எது என்று கண்டுபிடிக்க, ஒவ்வோர் உயிரணுவிலும் ஏதோ ஒரு மரபணுவை மட்டும் வெட்டிவிடுவோம். எதை வெட்டினோம் என்பதற்கு உள்ளேயே ஓர் அடையாளம் இருக்கும். அவை எல்லாவற்றையும் ஒன்றாக வளர்த்து மருந்தை ஊற்றுவோம். கடைசியில் மிஞ்சியிருக்கும் அடையாளங்களை மெஷின் படித்துத் தரும், என் புரோகிராம் எண்ணும். எந்த அடையாளம் காணாமல் போயிருக்கிறதோ அதுதான் அந்த பைக். அந்த மரபணுவின் வேலையைத் தடுக்கிற மருந்து ஏற்கெனவே கடையில் கிடைக்கிறதா என்று பார்த்து, இரண்டையும் சேர்த்துக் கொடுத்துச் சோதிப்போம்.

அக்கா அந்த வேலைக்காக அப்படி ஆனாரா, அப்படி இருந்ததால் அந்த வேலைக்கு வந்தாரா என்று எனக்குத் தெரியாது. அவருடைய அப்பா தேஹு ரோடு ராணுவ டெப்போவில் வேலை பார்த்தவர். மூன்று தலைமுறைக்கு முன்னால் வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். அவர் பேசும் தமிழில் பாதி இந்தி, கால்வாசி மராத்தி. சென்னையிலிருந்து புதிதாக வந்த பிள்ளைகள் அதைக் கேட்டு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். அவர்களில் ஒருத்தருக்கும் அவர் எழுதும் இங்கிலீஷில் பாதிகூட வராது.

நான் சேர்ந்த புதிதில் ஒரு வெள்ளிக்கிழமை, "நாளைக்கு உனக்கு சுட்டி" என்றார். எங்கள் ஊரில் சேட்டை பண்ணுகிற குழந்தையைத்தான் சுட்டி என்போம். நான் என்ன சேட்டை பண்ணினேன் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, சனிக்கிழமையும் வேலைக்குப் போய் உட்கார்ந்தேன். செக்யூரிட்டி சிரித்தான். இந்தியில் சுட்டி என்றால் லீவாம். ஆஸ்பத்திரியில் குணமாகி வீட்டுக்கு அனுப்பினாலும் சுட்டிதான், வேலையை விட்டு அனுப்பினாலும் சுட்டிதான். தேஹு ரோட்டுத் தமிழர்கள் அந்த வார்த்தையை அப்படியே எடுத்துத் தமிழோடு பிசைந்துகொண்டுவிட்டார்கள். அன்றைக்கு அது வெறும் வேடிக்கையாக இருந்தது.

ஆபீஸ் வாசலில் வடாபாவ் போடும் ஒருவர் திடீரென்று வரவில்லை. எல்லோரும் எதிர்ச் சாரியில் இருந்த கடைக்கு மாறிக்கொண்டோம். அக்கா மட்டும் ஆட்டோ ஸ்டாண்டிலும் பால் பூத்திலும் கேட்டுக் கேட்டு, பின்பக்கத் தெருவில் அவரைக் கண்டுபிடித்துவிட்டார். மனிதர் நன்றாகத்தான் இருந்தார். இடம் மாறியதற்குக் காரணம் அக்காவேதான். தினமும் வந்து, உன் பெண்டாட்டியை ஏன் காணோம், தம்பியை ஏன் காணோம் என்று இவர் நச்சரித்ததில் வெறுத்துப்போய் ஓடியிருக்கிறார். அக்காவுக்கு வருத்தமே இல்லை. கிடைத்துவிட்டார் என்று திருப்தியாக இரண்டு வடாபாவ் வாங்கி வந்தார்.

எல்லா நேரமும் இப்படிச் சிரித்துவிட்டுப் போக முடியாது. ஒருநாள் சாப்பிடும்போது எத்தனை பிள்ளை என்று கேட்டார். ஒன்று என்றேன். டிபன் மூடியைத் திறந்துகொண்டே, "நிக்காதது?" என்றார்.

எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது. என் மாமியார் கேட்டதில்லை, என் புருஷனே அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுத்ததில்லை. இவர் யார் கேட்க? என் டிபனை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டேன். ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் ஒருநாள், அவர் கேட்காமலேயே, "ஒண்ணுங்க்கா, அஞ்சாம் மாசத்துல" என்றேன். ஐயோ பாவம் என்றெல்லாம் சொல்லவில்லை அவர். "அப்போ ரெண்டு" என்றார். அதுவரை யாருமே அதைக் கூட்டிச் சொன்னதில்லை. அன்றைக்கு அவரை அடிக்கலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது.

இனி எங்கள் தலைவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் சென்னைக்காரர். எங்களோடு இங்கிலீஷ்தான். ஏதாவது வேலை ஆகவேண்டும் என்றால் மட்டும் தமிழ் வரும். "என்னம்மா, சாப்பிட்டாச்சா?" என்று கேட்டால் ஞாயிற்றுக்கிழமை போச்சு என்று அர்த்தம்.

அக்காவின் தேடலில் இரண்டு மருந்துச் சேர்க்கை ஒன்று நன்றாக அமைந்தது. இரண்டுமே ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த மருந்துகள். தனித்தனியாகக் கொடுத்தால் சுமார், சேர்த்துக் கொடுத்தால் புற்றுநோய் உயிரணுக்கள் மடமடவென்று செத்தன. தலைவருக்கு அது போதவில்லை. இரண்டைச் சேர்த்து எல்லோரும்தான் செய்கிறார்கள், நாம் மூன்றோடு போகவேண்டும் என்றார். இரண்டு மருந்தையும் ஊற்றிவிட்டு மறுபடி ஒரு தேடல் நடந்தது. மூன்றாவதாக ஒரு மாத்திரை அகப்பட்டது. மூன்றும் சேர்ந்தபோது தட்டில் ஓர் உயிரணுகூட மிஞ்சவில்லை. தலைவர் அந்தப் படத்தைத் தன் போனின் முகப்பில் வைத்துக்கொண்டார்.

அக்காவிடம் ஒரு பிடிவாதம் உண்டு. நோயாளியின் உயிரணுவில் செய்ததையெல்லாம் நோயில்லாதவரின் எலும்பு மஜ்ஜை உயிரணுவிலும் செய்து பார்ப்பார். இரட்டை வேலை என்று எல்லோரும் முணுமுணுப்போம். அந்த வரிசையை நான் எண்ணிக் கொடுத்தபோது, மூன்றாவது மாத்திரை அடைக்கிற மரபணு இல்லாத உயிரணுக்கள் அங்கேயும் காணாமல் போயிருந்தன. நோயில்லாத உயிரணுவுக்கும் அந்த வழி வேண்டியிருக்கிறது.

"இந்த ரோட்ட மூடினா ஆம்புலன்சும் வராது சார்" என்று மீட்டிங்கில் சொன்னார்.

தட்டு வேறு, மனிதன் வேறு, அளவைக் குறைத்துக் கொடுப்பார்கள், ஆஸ்பத்திரியில் கண்காணிப்பார்கள் என்று தலைவர் பதில் சொன்னார். அது முட்டாள்தனமான பதில் இல்லை. முட்டாளாக இருந்திருந்தால் மன்னித்திருப்பேன்.

ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் முதல் குழுவுக்கு மூன்றையும் கொடுத்தார்கள். சில மாதம் கழித்து தலைவர் ஒரு மீட்டிங்கில் திரையில் காட்டினார். சிகிச்சையை முடித்தவர்கள் எல்லோருக்கும் நோய் அடங்கியிருந்தது. கைதட்டினோம். நானும் தட்டினேன். அக்கா கையைக் கட்டிக்கொண்டு, முடிக்காதவர்கள் எங்கே என்று கேட்டார். அவர்கள் நடுவில் போய்விட்டார்கள், முடிக்காதவர்களை மதிப்பிட வழியில்லை, அதனால் கணக்கில் சேர்க்கவில்லை என்றார் தலைவர். எங்கே போனார்கள் என்று அக்கா விடவில்லை. தலைவர் வார்டுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். வார்டு கிளார்க் இந்தியில் சாவகாசமாகச் சொன்னான்: "உன்கி தோ சுட்டி ஹோ கயி."

அவர்களுக்குச் சுட்டி ஆகிவிட்டது. தலைவர், பாருங்கள், வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்பது போலக் கையை விரித்தார். அறையிலிருந்த எல்லோரும் அதைக் குணமாகிப் போனதாகவே எடுத்துக்கொண்டார்கள். எனக்கே அப்படித்தான் கேட்டது.

இதெல்லாம் நடந்தபோது அடுத்த குழுவில் என் அண்ணன் பெயர் இருந்தது.

அண்ணன் ஹடப்சரில் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் சோதிக்கிற வேலை பார்த்தான். எனக்கு நான்கு வயது மூத்தவன். ரத்தப் புற்றுநோய் வந்து, கீமோ கொடுத்து, ஒரு வருஷம் நன்றாக இருந்து, மறுபடி வந்துவிட்டது. டாக்டர்கள் இந்தச் சோதனை சிகிச்சை ஒன்றுதான் பாக்கி என்றார்கள். என் ஆராய்ச்சிக்கூடத்தின் மருந்து என்றதும் அண்ணிக்கு அவ்வளவு சந்தோஷம். கடவுளாகப் பார்த்து என்னை அங்கே வேலைக்கு வைத்திருக்கிறார் என்று அழுதாள். மூன்றாவது மாத்திரையைப் பற்றி அக்கா சொன்னதை நான் அண்ணனிடம் சொல்லிப் பார்த்தேன்.

"ரெண்டு மருந்துக்கு மூணு மருந்து மேல்தானே அம்மணி" என்றான். சாகக் கிடப்பவனிடம் மரபணுவைப் பற்றி எவ்வளவுதான் பேச முடியும்? கையெழுத்துப் போட்டுவிட்டான்.

அக்கா போனவர்களைத் தேடப் புறப்பட்டார். வார்டில் விவரம் தர மாட்டார்கள் என்று தெரியும், அங்கே கேட்கவே இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் டீ விற்பவரிடம் போனார். தினமும் டீ வாங்கிக்கொண்டு இப்போது வராமல் போனவர்கள் யார் யார் என்று கேட்டார். நோயாளியின் வீட்டாரை டீக்கடைக்காரரைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? ஃபிளாஸ்க்கில் சர்க்கரை இல்லாமல் வாங்குகிற ஒரு பெண்ணை அவர் சொன்னார். ஹடப்சர் தொழிற்பேட்டைக்குப் பின்னால் குடியிருப்பதாக ஞாபகம் என்றார். அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். வரமாட்டேன் என்றுதான் சொன்னேன். உன் அண்ணனுக்காக வா என்று அவர் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அப்படிச் சொல்லவில்லை. "தனியா போனா பொம்பள பயப்படும், வா" என்றார்.

அந்தச் சந்திலிருந்து நிமிர்ந்து பார்த்தால் அண்ணனின் அடுக்குமாடி தெரியும். அந்தப் பெண் மராட்டியப் பெண். புருஷன் பேட்டையில் லேத் ஓட்டியவர். வெளியே போட்டிருந்த கட்டிலில் எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, எந்த ஆபீசிலிருந்து வருகிறோம் என்று கேட்டாள். ஆபீசிலிருந்து வரவில்லை, உன் வீட்டுக்காரர் பெயர் என்ன என்று அக்கா மராத்தியில் கேட்டார். பெயரைச் சொன்னாள். அப்புறம் மற்றதைச் சொன்னாள்.

மாத்திரை ஆரம்பித்த கொஞ்ச நாளில் அவருக்கு வாயெல்லாம் புண். பல் ஈறிலிருந்து ரத்தம் நிற்கவில்லை. தண்ணீர்கூட முழுங்க முடியவில்லை. வார்டில் சொன்னதற்கு, நடுவில் நிறுத்தினால் சிகிச்சையை விட்டே போகவேண்டும் என்றார்களாம். தாங்க முடியாமல் அவரே சுட்டி கேட்டிருக்கிறார். கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து, பத்து நாள்கூட இருக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து யாராவது போன் பண்ணினார்களா என்று அக்கா கேட்டார். இல்லை என்றாள். நீங்கள்தான் முதலில் கேட்டு வந்தவர்கள் என்றாள்.

திரும்பும்போது ஆட்டோவில் அந்த ஒரு வார்த்தைதான் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. குணமாகிப் போனவனுக்கும் சுட்டி, செத்துப்போகப் போனவனுக்கும் சுட்டி. ஒரே வார்த்தையில் இரண்டையும் போட்டு மூடிவிட்டு கைதட்டு வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். அந்த வாரமே அண்ணன் மூன்றாவது மாத்திரையை விழுங்க ஆரம்பித்திருந்தான்.

மறுநாள் அக்கா ஆஸ்பத்திரிக்கு வந்தார். வார்டு வராந்தாவில், எல்லோர் முன்னாலும், சின்ன டாக்டரை நிறுத்தி வைத்து மராத்தியில் கத்தினார். முந்தின குழுவில் வராமல் போனவர்களில் ஒருத்தர் எப்படிச் செத்தார் என்று உனக்குத் தெரியுமா, நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், இவள் அண்ணனின் ரத்தத்தைத் தினமும் பார், அணுக்கள் குறைந்தால் அன்றைக்கே மாத்திரையை நிறுத்து என்றார். நோயாளிகள் கட்டிலிலிருந்து எழுந்து வந்து பார்த்தார்கள். அண்ணிக்கு அவமானம், ஆத்திரம். இவள் யார் என் புருஷன் மருந்தைப் பிடுங்க என்று என்னிடம் சீறினாள். அண்ணன் போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டான்.

அந்தச் சின்ன டாக்டருக்கு மனசாட்சி இருந்தது, அல்லது பயம் இருந்தது. தினமும் ரத்தம் எடுத்தார். அணுக்கள் சரியத் தொடங்கிய அன்றைக்கே மூன்றாவது மாத்திரையை நிறுத்திவிட்டார். சிகிச்சையை விட்டு அனுப்பவில்லை, மற்ற இரண்டையும் தொடர்ந்தார். அண்ணன் பிழைத்தான். மெதுவாகத்தான், ஆனால் பிழைத்தான். அண்ணி ஒருநாளும் அக்காவுக்கு நன்றி சொல்லவில்லை.

அக்காவுக்கு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. வெளி ஆளைப் பார்த்துப் பேசியது, வார்டில் ரகளை செய்தது, இரண்டும் ஒழுங்கு மீறல் என்றார்கள். தலைவர் என்னைக் கூப்பிட்டு, "என்னம்மா, சாப்பிட்டாச்சா?" என்றார். இவங்க விஷயத்துல நீ தலையிடாதே, உன் அண்ணன் நல்லா இருக்கான்ல என்றார். தமிழில் அவ்வளவு மென்மையாகப் பேசுவார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. என் வாயில் வந்ததை அவரிடம் அன்றே சொன்னேன். அதில் பாதியை இங்கே எழுத முடியாது.

கடைசி நாள் அக்கா எல்லோருக்கும் சமோசா வாங்கி வைத்துக் காத்திருந்தார். யாரும் வரவில்லை. தலைவரின் கண்ணில் படப் பயம். ஒரு பெரிய அலுமினியத் தட்டு நிறைய சமோசா, எதிரே நானும் செக்யூரிட்டியும். சரி, இன்றைக்காவது வராதவர்களைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "ப்ரீத்திக்கு மூணு நாளா சளி, அவ லீவு. அவள இதுல சேக்காத" என்று ஒருத்தியை மட்டும் கழித்துவிட்டு சமோசாவைக் கடித்தார். எனக்கு அந்த நிதானத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. கோபப்படத் தெரியாதா உங்களுக்கு என்று கத்திவிட்டேன்.

"கோபம் வருது. அதுக்காக எண்ணுறத தப்பா எண்ண முடியுமா?" என்றார்.

அடுத்த வருஷம் ஆஸ்பத்திரி அரங்கத்தில் ஒரு காலை நேரத்தில் விழா வைத்தார்கள். மூன்று மருந்துச் சேர்க்கையை வேறு பல ஊர் ஆஸ்பத்திரிகளில் கொடுக்கத் தொடங்கப்போகிறார்கள், அதற்கான விழா. பிழைத்தவர்களில் ஒருவராக மேடையேற என் அண்ணனை அழைத்திருந்தார்கள். அழைப்பை இரண்டு தடவை படித்தேன். நடுவில் போனவர்கள் முடிக்கவில்லை, அதனால் கணக்கில் இல்லை. அண்ணன் மூன்றாவதை விழுங்கியது சில நாள்தான், ஆனால் மூன்று மருந்துக் குழுவில் சேர்ந்தவன், அதனால் கணக்கில் உண்டு. எப்படிப் பார்த்தாலும் அவர்களுக்கு வசதியான கணக்கு. அண்ணனிடம் போகாதே என்றேன். உயிர் கொடுத்த இடம், ஒரு நன்றி சொல்லிவிட்டு வருகிறேன், விடு என்றான். அவன் பொய் சொல்கிறவன் இல்லை. ஆனால் கேட்டால்தான் எதையும் சொல்வான், கேட்காவிட்டால் ஆயுசுக்கும் சொல்லமாட்டான். அக்காவுக்குப் போன் பண்ணி விழாவைச் சொன்னேன். எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார்.

அரங்கம் நிறைந்திருந்தது. அக்கா கடைசி வரிசையில் இருந்தார். பக்கத்தில் தலையில் முந்தானை போட்டுக்கொண்டு ஒரு பெண். லேத் ஓட்டியவரின் மனைவி என்று அடையாளம் தெரிய எனக்குக் கொஞ்ச நேரமானது.

அண்ணனுக்குச் சால்வை போட்டார்கள். மைக்கைக் கையில் கொடுத்தார்கள். மூன்று மருந்து சேர்ந்து தன்னைக் காப்பாற்றியது என்று அவன் இந்தியில் சொன்னான். தலைவர் பக்கத்தில் நின்று சிரித்தார். கைதட்டல் கேட்டது. அக்கா எழுந்திருப்பார், கேட்பார் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அவர் எழுந்திருக்கவில்லை. அவருக்கு வேலை போயாயிற்று, பட்டதெல்லாம் பட்டாயிற்று, இன்னும் அவரேதான் எழுந்திருக்க வேண்டுமா? எழுந்து நடுவழியில் நின்றேன்.

"அண்ணா, அந்த மூணாவது மாத்திரைய எப்ப நிறுத்துனாங்க?"

தமிழில்தான் கேட்டேன். வேறு மொழி அப்போது வாயில் வரவில்லை. அண்ணன் வீட்டில் கேட்டால் எப்படி யோசிப்பானோ அப்படி யோசித்தான். மைக் வாய்க்கு நேராகவே இருந்தது.

"அது ஆரம்பத்துலயே நிறுத்திட்டாங்களே அம்மணி. அணுவெல்லாம் கொறஞ்சு போச்சுன்னு. அப்பறம் ரெண்டுதான்."

தலைவருக்குப் புரிந்தது, முகம் செத்துவிட்டது. மற்ற யாருக்கும் புரியவில்லை. குடும்ப விஷயம் என்று நினைத்துச் சிலர் சிரித்தார்கள். அப்போது கடைசி வரிசையிலிருந்து அக்காவின் குரல் மராத்தியில் கேட்டது. அண்ணன் சொன்னதை அப்படியே சொன்னார், ஒரு வார்த்தை கூட்டவில்லை. கூட்டத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, பக்கத்தில் இருந்த அந்தப் பெண்ணைப் பார்த்துத்தான் சொன்னார். ஆனால் அரங்கம் முழுக்கக் கேட்டது.

அந்தப் பெண் எழுந்தாள். தலைவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை. சால்வையோடு நின்ற என் அண்ணனை விரலால் காட்டினாள். இவருக்கு நிறுத்தினார்கள், எங்கள் ஆளுக்கு ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டாள்.

அண்ணனுக்கு மராத்தி வராது. அது மட்டும் புரிந்துவிட்டது. சால்வையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். தலைவர் ஓரத்தில் நின்றவனிடம் மைக்கை அணைக்கச் சொல்லிக் கைகாட்டினார், அவன் அணைத்தான். அந்தப் பெண்ணிடம் மைக் இல்லை. அவள் இன்னொரு தடவை கேட்டாள்.